நம் வீட்டில் தங்கிச் செல்லும் நாற்காலி

ஒரு வீட்டில் உள்ள பொருள்களை உற்றுப் பார்த்தால் இரண்டு வகை தெரியும். நமக்கு முன்னால் முடிந்துபோகிறவை ஒரு வகை. நமக்குப் பின்னாலும் இருக்கப்போகிறவை இன்னொரு வகை. பிளாஸ்டிக் நாற்காலியும் ஒட்டுப்பலகை மேசையும் முதல் வகையைச் சேர்ந்தவை. இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சீனத் தச்சர் இழைத்து, பொருத்தி, பூவும் கொடியும் செதுக்கி வைத்த நாற்காலி இரண்டாம் வகை. நம் பாட்டனார் பிறப்பதற்கு முன்பே அது யாரோ ஒருவரின் முதுகைத் தாங்கியிருக்கிறது. நம் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளையும் தாங்கும் வலிமை அதற்கு உண்டு. இடையில் சில பத்தாண்டுகள் மட்டும் அது நம் கூடத்தில் நிற்கிறது.

இப்படிப்பட்ட ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கலாம். முழுவதும் நம்முடையதாக்கிக்கொள்ள முடியாது. பழைய சீன மரச்சாமான்களால் வீட்டை அழகுபடுத்த விரும்புகிறவர்கள் இன்று பலர். அந்த விருப்பத்தில் பிழை ஏதும் இல்லை. அழகை நாடுவது மனத்தின் நல்ல இயல்புகளில் ஒன்று. ஆனால் அந்த மரமும் அதன் பொருத்தும் அதன் செதுக்கலும், தம்மை வீட்டுக்குள் கொண்டுவந்தவருக்கு மெல்ல மெல்ல ஒன்றைப் புரியவைக்கின்றன. அவர் அங்கே காவலர். வாங்கியது காவல் பொறுப்பை மட்டுமே. இந்த உணர்வு வந்த வீட்டில் அலங்காரம் என்பதே ஓர் ஆன்மிகப் பயிற்சியாகிவிடுகிறது என்று நான் நம்புகிறேன்.

சீனர்களும் ஒரு காலத்தில் நம்மைப் போலத் தரையில் பாய் விரித்து அமர்ந்தவர்கள்தான். உயர்ந்த இருக்கை அவர்களிடம் வெளியிலிருந்து வந்தது. மேற்குத் திசை நாடோடி மக்களின் மடக்கு இருக்கை ஒரு வழி. புத்தத் துறவிகளின் பழக்கம் இன்னொரு வழி. துன்ஹுவாங் அருகே உள்ள மொகாவோ குகைகளில் 285ஆம் எண் குகையின் ஓவியங்கள் கி.பி. 538, 539ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. அங்கே ஒரு துறவி, முதுகுச் சாய்வும் கைப்பிடியும் உள்ள நாற்காலியில் காலை மடித்து அமர்ந்து தியானம் செய்கிறார். சீனாவில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய நாற்காலிச் சித்திரங்களில் அதுவும் ஒன்று. சோங் அரச மரபின் காலத்தில் (960–1279) நாற்காலி பொதுமக்களின் வீடுகளுக்கும் வந்துவிட்டது. அதன் பிறகும் துறவியின் இருக்கை மறையவில்லை. காலை மடித்து உட்காரும்படி அகலமான, தாழ்ந்த இருக்கை கொண்ட தியான நாற்காலி என்று ஒரு தனி வகை மிங் காலத்திலும் செய்யப்பட்டது.

அந்த மூலத்தின் நினைவு பிற்கால நாற்காலிகளிலும் இருக்கிறது. மிங் கால (1368–1644) நாற்காலியில் சரிந்து கிடக்க முடியாது. முதுகுக்குப் பின்னால் இருப்பது ஒற்றைப் பலகை. அது முதுகெலும்பின் வளைவை ஒட்டி மெல்ல நெளிந்து மேலேறும். அதில் அமர்ந்த சிறிது நேரத்தில் முதுகு தானாகவே நிமிர்கிறது, மூச்சு சீராகிறது. இன்றைய மெத்தை இருக்கைகள் உடலைக் கைவிட்டுத் தளரச் சொல்கின்றன. இந்த நாற்காலி உடலை விழித்திருக்கச் சொல்கிறது. உட்காருவதே ஒரு செயல் என்பதை மறந்துவிட்ட நமக்கு அது நல்ல நினைவூட்டல்.

இந்த நாற்காலிகளின் மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பாதை நம் மலைகளுக்கே வந்து சேர்கிறது. 1567இல் மிங் அரசு கடல் வாணிபத்தின் மீதிருந்த தடையைத் தளர்த்தியது. அதன் பிறகு கடலுக்கு அப்பாலிருந்து கடின மரங்கள் சீனத் துறைமுகங்களுக்கு ஏராளமாக வந்தன. பொன்னிறமும் நறுமணமும் கொண்ட ஹுவாங்ஹுவாலி மரம் ஹாய்னான் தீவில் விளைந்தது. அறிஞர்களும் செல்வர்களும் அதை விரும்பினார்கள். கருஞ்சிவப்பான ஸிதான் மரத்தை அரண்மனை விரும்பியது. ஸிதான் எனப்படும் மரங்களில் தலையாயது நம் செம்மரம். கடப்பை, சித்தூர், நெல்லூர்ப் பக்கத்துக் கிழக்குத் தொடர்ச்சி மலைகள்தான் அதன் இயற்கையான தாயகம். மிக மெதுவாக வளரும். வைரம் பாய்ந்த கட்டை நீரில் மூழ்கும் அளவுக்குக் கனமானது. பெய்ஜிங் அரண்மனையில் பேரரசர்கள் அமர்ந்த இருக்கைகளுக்கும் சேஷாசல மலைக்கும் இப்படி ஓர் உறவு உண்டு.

அந்த உறவில் துயரமும் கலந்திருக்கிறது. செம்மரத்தின் மீதான ஆசை இன்றும் அடங்கவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரக் காவல்துறை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். திருவண்ணாமலை, தருமபுரி முதலிய தமிழக மாவட்டங்களின் ஏழைக் கூலிகள் அவர்கள். எங்கோ ஓர் அறையில் மினுமினுக்கப்போகும் ஒரு மேசைக்கும் மலையடிவாரத்தில் அழுத ஒரு குடும்பத்துக்கும் இடையே நூல் ஓடுகிறது. அழகை ஆன்மிகமாகப் பார்க்க விரும்புகிறவர் இந்த நூலையும் பார்க்க வேண்டும். எந்தப் பொருளையும் அதன் முழு விலையோடு அறிவது தியானத்தின் ஒரு பகுதி. செம்மரத்தின் பன்னாட்டு வாணிபத்துக்கு 1995 முதலும், ஹுவாங்ஹுவாலி சேர்ந்த மரப் பேரினம் முழுவதற்கும் 2017 முதலும் கட்டுப்பாடு இருக்கிறது. பழைய பொருளைக் காப்பது ஒரு வகையில் புதிய மரத்தைக் காப்பதுமாகும்.

அரிய மரங்கள் மட்டும்தான் என்றில்லை. வட சீனத்தின் எளிய வீடுகளில் எல்ம் மரத்து அலமாரிகள் இருந்தன. தென் சீனத்தில் துணிமணி வைக்கக் கற்பூர மரத்துப் பெட்டிகள் இருந்தன. பூச்சி அண்டாது என்பதால் மகளின் திருமணச் சீரில் அவையும் சேர்ந்தன. நம் கோயில்களில் தீபாராதனைக்கு ஏற்றும் கற்பூரத்தைத் தந்ததும் அந்த மர இனம்தான். ஒரே மரத்தின் மணம் இங்கே ஒரு நொடிச் சுடரில் மிச்சமின்றிக் கரைந்தது. அங்கே நூறாண்டு பழைய பெட்டியைத் திறக்கும்போதும் எழுந்து வருகிறது. எரிந்து தீர்வதும் நிலைத்துக் காப்பதும் என இரண்டு விதமான வழிபாட்டையும் அந்த மரம் அறிந்திருக்கிறது.

மரத்துக்கு அடுத்தபடி பொருத்து. சிறந்த சீன மரச்சாமானில் ஆணி இருக்காது, பசையும் அரிது. ஒரு கட்டையின் நுனியில் நாக்கு விடுவார்கள். மற்றொரு கட்டையில் அதற்கேற்ற துளை எடுப்பார்கள். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பிடித்துக்கொள்ளும். குதிரை லாட வடிவில் வளைந்து வரும் நாற்காலியின் மேற்சட்டம் பார்வைக்கு ஒரே கொம்பை வளைத்தது போலிருக்கும். உண்மையில் அது மூன்று அல்லது ஐந்து துண்டுகள். இணைப்பு எங்கே என்று விரல் தடவித் தேட வேண்டும். பழுது வந்தால் ஒரு நல்ல தச்சர் முழு நாற்காலியையும் பகுதி பகுதியாகக் கழற்றி, சீராக்கி, மறுபடியும் பூட்டிவிடுவார். மரத்துக்கு வலி இல்லாத சேர்க்கை அது.

இதைவிட என்னை ஆழமாகத் தொடுவது பலகை வைக்கும் முறை. மேசையின் மேற்பலகையையும் அலமாரிக் கதவின் நடுப்பலகையையும் சட்டத்தோடு இறுக்கிவிட மாட்டார்கள். சட்டத்தின் உட்புறம் காடி எடுத்து, பலகையின் ஓரம் அதற்குள் சற்றே தளர்ந்து நிற்கும்படி விடுவார்கள். மரம் வெட்டப்பட்ட பிறகும் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப அசைந்துகொண்டேதான் இருக்கும். மழைக்காலத்தில் விரியும், வறண்ட காலத்தில் சுருங்கும். இறுக்கிக் கட்டிய பலகை ஒருநாள் பிளந்துவிடும். இடம் விட்டு வைத்த பலகை முந்நூறு ஆண்டுகள் நிற்கும்.

இந்த ஓர் உண்மையை வீட்டுக்குள் தினமும் பார்த்துக்கொண்டிருப்பது பெரும் பேறு. மணவாழ்விலும் பிள்ளை வளர்ப்பிலும் நட்பிலும் நாம் பெரும்பாலும் பசை தடவுகிறோம், ஆணி அடிக்கிறோம். அன்பின் பெயரால் இறுக்குகிறோம். அடுத்தவருக்குள்ளும் பருவங்கள் மாறுகின்றன, அவரும் விரிந்து சுருங்குகிறார் என்பதை மறக்கிறோம். சட்டமாக இருப்பவர் பலகைக்கு நாலு பக்கமும் துணை நிற்க வேண்டும். அசைய ஒரு நூலிடை இடமும் விட வேண்டும். அந்தத் தச்சர் இதைச் சொற்களில் எழுதி வைக்கவில்லை. காடியாக எடுத்து வைத்தார்.

இனிச் செதுக்கல். மிங் கால அறிஞர்களின் அறைக்கலன்களில் செதுக்கல் குறைவு. முதுகுப் பலகையின் மேற்பகுதியில் ஒரு சிறு வட்டம், அதற்குள் சுருண்டு கிடக்கும் ஒரு கொம்பில்லா டிராகன், அவ்வளவுதான். மீதியெல்லாம் மரத்தின் வரிகளே பேசும். சிங் அரச காலத்தில் (1644–1912), குறிப்பாகச் சியென்லோங் பேரரசரின் நீண்ட ஆட்சியில், செதுக்கல் பெருகியது. மேகமும் அலையும் தாமரையும் டிராகனும் மேசைக் கால்கள் வரை இறங்கின. சில புடைப்பாக எழும். சில வலைபோல ஊடுருவித் திறந்திருக்கும். சில முழு உருவாகவே நிற்கும். நிங்போ பகுதிக் கட்டில்களில் நாடகக் காட்சிகள் முழுவதுமாக விரியும். கட்டில் என்று சொன்னாலும் அவை கூரையும் வேலியும் உள்ள சிறு அறைகள். சிலவற்றுக்கு முன்னால் ஒரு சிறு முற்றமே உண்டு.

அந்தச் செதுக்கல்கள் அனைத்தும் வேண்டுதல்கள். மாதுளை மக்கட்பேற்றுக்கு. பீச் பழமும் நாரையும் நீண்ட ஆயுளுக்கு. பைன், மூங்கில், பிளம் மூன்றும் சேர்ந்து நின்றால் குளிர்காலத்தின் மூன்று நண்பர்கள். பனியிலும் பசுமை குன்றாத, பனியிலும் பூக்கிற மனவுறுதியின் அடையாளம். வீட்டுக்குள் வந்தால் நாம் விளக்குமாறு தேடுகிற வௌவால் அங்கே நல்வாழ்வின் சின்னம். ஐந்து வௌவால்கள் சேர்ந்து பறந்தால் ஐந்து பேறுகள்: நீண்ட ஆயுள், செல்வம், நோயற்ற அமைதி, அறத்தின் மீது பற்று, வாழ்நாளை முழுதும் வாழ்ந்து முடிக்கும் நல்ல சாவு. இந்தப் பட்டியலின் கடைசி இரண்டையும் கவனியுங்கள். செல்வத்தோடு அறத்தின் மீதான பற்றையும் கேட்கிறார்கள். நல்ல முடிவையும் ஒரு வரமாகக் கேட்கிறார்கள். உறங்கும் கட்டிலிலும் துணி வைக்கும் அலமாரியிலும் மரணத்தை நிதானமாக எழுதி வைத்த பண்பாடு அது. ஒரு மங்கலச் சின்னத்தை வாங்குகிறவர் அது என்ன கேட்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்கினால், அந்த வேண்டுதல் அவருடையதும் ஆகிவிடும்.

இத்தனை செதுக்கிய கைகளின் பெயர் நமக்குத் தெரியாது. ஓவியர்கள் கையெழுத்திட்டார்கள், கவிஞர்கள் முத்திரை பதித்தார்கள். தச்சர்கள் பெரும்பாலும் எதையும் எழுதாமல் போய்விட்டார்கள். அவர்களுக்கு லு பான் என்ற ஆதி ஆசான் உண்டு. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்தத் தச்சரைத் தெய்வமாகவே வணங்குகிறார்கள். ஹாங்காங்கின் கென்னடி டவுனில் 1884இல் கட்டிய லு பான் கோயில் இன்றும் இருக்கிறது. தன் பெயரைப் பொருளில் விடாமல், ஆசானின் காலடியில் தன் திறமையை வைத்துவிட்டுப் போவது எவ்வளவு பெரிய விடுதலை!

சுவாங்ட்ஸி என்ற பழைய சீன நூலில் ஒரு மரச்சிற்பியின் கதை வருகிறது. லு நாட்டில் சிங் என்ற சிற்பி மணி தொங்கவிடும் மரச்சட்டம் ஒன்றைச் செய்தார். பார்த்தவர்கள் இது மனித வேலையே அல்ல என்று வியந்தார்கள். மன்னர் அவரிடம் இரகசியம் கேட்டார். வேலை தொடங்கும் முன் நோன்பிருந்து மனத்தை அடக்குவதாகச் சிற்பி விளக்கினார். மூன்று நாளில் பரிசும் பதவியும் மறந்துபோகும். ஐந்து நாளில் புகழும் பழியும், திறமை உண்டா இல்லையா என்ற எண்ணமும் மறந்துபோகும். ஏழு நாளில் தனக்குக் கை கால் இருப்பதே மறந்துபோகும். அதன் பிறகுதான் காட்டுக்குள் போவார். தகுந்த மரத்தில் அந்தச் சட்டம் முன்பே நிற்பதைக் காண்பார். அதற்குப் பின்பே கை வைப்பார், இல்லையென்றால் விட்டுவிடுவார்.

வேலைக்கு முன் தன்னைக் காலி செய்வதே அந்தச் சிற்பியின் முதல் வேலை. அவர் செதுக்கிய முதல் பொருள் அவர் மனம். பழைய செதுக்கல் ஒன்றின் முன் நாம் காரணம் தெரியாமல் அமைதியடைகிறோமே, அங்கே நம்மைத் தொடுவது அத்தகைய ஒரு மனத்தின் அமைதி என்றே எனக்குப் படுகிறது. அவசரத்தில் செதுக்கிய இலையும் நிதானத்தில் செதுக்கிய இலையும் கண்ணுக்கு வேறுவேறாகத் தெரியும். இயந்திரம் வெட்டிய நகலில் எல்லா இதழும் ஒரே ஆழத்தில் இருக்கும். கை செதுக்கியதில் ஒவ்வோர் இதழுக்கும் ஒரு மூச்சு இருக்கும்.

இவ்வளவு அருமையான பொருள்களைக் கூடம் நிறைய அடுக்கலாமா? இந்தக் கேள்விக்குச் சீனரே விடை சொல்லியிருக்கிறார்கள். சுஜோ நகரத்தில் வென் சென்ஹெங் (1585–1645) என்றோர் அறிஞர் இருந்தார். பெரும் ஓவியர் வென் செங்மிங்கின் கொள்ளுப்பேரன். வீடு, தோட்டம், மேசை, நாற்காலி, ஓவியம், தேநீர் எல்லாவற்றையும் பற்றி ஒரு நூல் எழுதினார். 'மிகையான பொருள்கள்' என்பது அந்த நூலின் பெயர். வாசிப்பறையில் நான்கு நாற்காலியும் ஓர் இருக்கைக் கட்டிலும் போதும் என்பது அவர் கருத்து. சுவரில் ஓர் ஓவியத்துக்கு மேல் தொங்கவிடக் கூடாது என்றார். அதையும் பருவத்துக்கு ஏற்ப மாற்றச் சொன்னார்.

அந்தத் தலைப்புக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. ஜின் அரச காலத்தில் வாங் கோங் என்பவர் ஒரு நல்ல மூங்கில் பாயில் அமர்ந்திருந்தார். பார்க்க வந்த உறவினர், இவரிடம் இப்படிப் பல இருக்கும் என்று எண்ணி, ஒன்று கேட்டார். வாங் கோங் தான் அமர்ந்திருந்த பாயையே கொடுத்தனுப்பிவிட்டு வைக்கோல் பாயில் உட்கார்ந்துகொண்டார். பின்னால் செய்தி அறிந்த உறவினர் பதறியபோது, தன்னிடம் மிகைப்பட்ட பொருள் எதுவும் இருப்பதில்லை என்று இயல்பாகச் சொன்னார். அழகிய பொருள்களைப் பற்றி நூல் எழுதியவர் அந்த நினைவையே தலைப்பாக வைத்தார். பொருளை நேசிக்கலாம், கேட்டால் எழுந்து கொடுக்கவும் முடிய வேண்டும். வென் சென்ஹெங்கின் வாழ்வே அதற்குச் சான்றாக முடிந்தது. மிங் ஆட்சி வீழ்ந்த மறு ஆண்டு, 1645இல், சிங் படை சுஜோவைக் கைப்பற்றியபோது அவர் உணவை மறுத்து உயிர்விட்டார். வீடும் தோட்டமும் சேர்த்து வைத்த நுண்பொருள்களும் அவரைப் பிடித்து நிறுத்தவில்லை.

அறையின் பயன் அதன் வெற்றிடத்தில் இருக்கிறது என்பது லாவோட்சுவின் போதனைகளில் மிகவும் அறியப்பட்டது. சுவர் எழுப்புவது இடத்துக்காக. இடமே நம்மை வாழ வைக்கிறது. பழைய சீன நாற்காலி ஒன்று இருக்கும் அறையில் இதைக் கண்ணாலேயே காணலாம். கைப்பிடிக்கும் இருக்கைக்கும் இடையே உள்ள வெற்றிடமும், கால்களுக்கு நடுவே தெரியும் வெறும் சுவரும் அந்த வடிவத்தின் பாதி. பக்கத்தில் பொம்மையும் பூச்சாடியும் துணி உறையும் சேர்ந்தால் அந்தப் பாதி மறைந்துவிடும். ஆகவே வெள்ளைச் சுவர், ஒரு சாளரத்து வெளிச்சம், ஒரு நாற்காலி: அலங்காரம் இங்கேயே நிறைவாகிறது. ஊடுசெதுக்கல் உள்ள திரையின் நிழல் மாலை வெயிலில் தரையில் விழும்போது, இல்லாத இடங்களே பூவாக விரிவதைக் காணலாம். அந்தப் பூவைச் செதுக்கியவர் எடுத்தெறிந்த மரத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

நீண்ட காலம் வாழ்ந்த பொருளுக்குத் தேய்மானமே ஆபரணம். சீன நாற்காலியின் முன்கால்களை இணைத்துக் கீழே ஒரு குறுக்குச் சட்டம் ஓடும். குளிர்ந்த தரையில் படாமல் பாதத்தை அதன்மேல் வைத்துக்கொள்வார்கள். பல தலைமுறைப் பாதங்கள் பட்டு அந்தச் சட்டம் பள்ளமாகத் தேய்ந்திருக்கும். கைப்பிடியின் நுனி உள்ளங்கை எண்ணெயில் பளபளக்கும். தேய்த்தவர்களில் கணக்கெழுதிய வணிகர் இருந்திருப்பார். பிள்ளைக்காகக் காத்திருந்த தாய் இருந்திருப்பாள். அவர்கள் எல்லோரும் அந்த நாற்காலியைத் தம்முடையது என்றே சொல்லியிருப்பார்கள். சொன்னவர்கள் போய்விட்டார்கள். தேய்மானம் மட்டும் இருக்கிறது. நாமும் அதில் நம் பங்குக்கு ஒரு மெல்லிய படலத்தைத் தேய்த்துவிட்டுப் போவோம். நிலையாமையை இவ்வளவு கனிவாகச் சொல்லும் ஆசிரியர் வேறு கிடைப்பது அரிது.

ஆன்ஹுய் மாநிலத்தில் ஹுவாங் குடும்பத்து வீடு ஒன்று இருந்தது. பெயர் யின் யூ தாங். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள், தலைமுறை தலைமுறையாக அவர்கள் அங்கே வாழ்ந்தார்கள். வேலை தேடி ஒவ்வொருவராக நகரங்களுக்குப் போன பிறகு வீடு வெறிச்சோடியது. இறுதியில் தூண் தூணாக, செங்கல் செங்கலாகப் பிரிக்கப்பட்டு, அமெரிக்காவின் சேலம் நகரத்துப் பீபாடி எஸ்ஸெக்ஸ் அருங்காட்சியகத்தில் மறுபடியும் எழுப்பப்பட்டு 2003இல் திறக்கப்பட்டது. செதுக்கிய சாளரங்களும் அறைக்கலன்களும் அதனோடு கடல் கடந்தன. சிங்கப்பூரின் பெரனாக்கன் அருங்காட்சியகத்தில் பினாங்கிலிருந்து வந்த ஒரு மணமக்கள் கட்டில் இருக்கிறது. பொன்பூச்சும் நுண்செதுக்கலும் நிறைந்த அதில் ஒரு தாய் தன் 11 குழந்தைகளில் முதல் ஏழு பேரைப் பெற்றெடுத்தாள். செதுக்கி வைத்த வேண்டுதல்கள் அந்தக் கட்டிலிலேயே பலித்தன. இன்று அதில் யாரும் படுப்பதில்லை. எல்லோரும் அதன் முன் ஒரு நிமிடம் நிற்கிறார்கள்.

காவலர் என்ற நிலைக்கு நான் பெரிதும் மதிக்கும் உதாரணம் வாங் ஷிஷியாங் (1914–2009). பழைய மரச்சாமான்கள் விறகாகவும் சில்லறை மரமாகவும் போய்க்கொண்டிருந்த காலத்தில், மிதிவண்டியில் பெய்ஜிங் சந்துகளைச் சுற்றி அவற்றைத் தேடிச் சேர்த்தவர். சிறிய குடியிருப்பில் அவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. கலாசாரப் புரட்சிக் காலத்தில் அவை அவரை விட்டுப் போயின. அவரும் ஊர்ப்புற உழைப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். பிறகு பொருள்கள் திரும்பி வந்தன. 1985இல் அவர் வெளியிட்ட நூல் மிங் கால அறைக்கலன்களை உலகமே புதிதாகப் பார்க்கச் செய்தது. அதற்குப் பிறகு அவற்றின் விலை எங்கோ ஏறியது. அவர் 1993இல் தம் தொகுப்பின் 79 பொருள்களை ஷாங்காய் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேரும்படி செய்தார். தேடியதும் காத்ததும் ஆராய்ந்ததும் ஒரு தவம். கைவிட்டதே அந்தத் தவத்தின் நிறைவு.

நம்மால் அவ்வளவு பெரிதாகச் செய்ய முடியாமல் போகலாம். தினசரிப் பராமரிப்பே நமக்குரிய சாதனை. நேரடி வெயில் படாத இடம் பாருங்கள். குளிர்சாதனக் காற்று மேலே வீசும்படி வைக்காதீர்கள். மரம் திடீரென்று வறண்டால் பொருத்துகள் தளரும். நம் ஊரில் கரையானும் மழை ஈரமும் பெரும் பகை. கால்களுக்கு அடியில் சிறு தாங்கு வையுங்கள். மாதம் ஒருமுறை பின்புறத்தையும் அடிப்புறத்தையும் பாருங்கள். நகர்த்த வேண்டுமென்றால் கைப்பிடியைப் பிடித்துத் தூக்காமல் இருக்கைச் சட்டத்தைப் பிடித்து இருவராகத் தூக்குங்கள். பளபளக்கும் வார்னிஷ் பூசிப் புதிதாக்கிவிடாதீர்கள்; நூறாண்டுகளின் மெருகு ஒரே நாளில் போய்விடும்.

செதுக்கலின் தூசியை மென்மையான தூரிகையால் எடுக்க வேண்டும். இதை வேலையாள் கையில் விடாமல் நீங்களே செய்து பாருங்கள். ஒரு கொடியின் சுழிக்குள் தூரிகை நுழைந்து வெளிவரும் வேகத்துக்கு மேல் மனத்தால் ஓட முடியாது. அன்று செதுக்கியவரின் உளி போன அதே வழியில் இன்று உங்கள் தூரிகை போகிறது. செபமாலை உருட்டுவதில் வரும் ஒருமை இதிலும் வரும். வாரத்தில் ஒரு காலை, பேச்சில்லாமல், கைபேசி இல்லாமல் இதைச் செய்தவருக்கு வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சில பொருள்கள் வேறொருவரின் வழிபாட்டிலிருந்து வந்தவை என்பதையும் மறக்கக் கூடாது. நுனிகள் மேல்நோக்கி எழும் நீண்ட மேசை, சீனக் கூடத்தின் நடுச்சுவரை ஒட்டி நின்றது. முன்னோர்க்கு ஊதுபத்தி ஏற்றியது அதன்மேல்தான். பூசைக்குரிய அந்த மேசையை மது வைக்கும் மேசையாக்குகிறவர்கள் உண்டு. வாங்கும் உரிமை அதற்கு நம்மை அனுமதிக்கலாம், மனசாட்சி அனுமதிக்காது. அதன்மேல் ஒரு விளக்கோ, ஒரு கிளைப் பூவோ, பெற்றோரின் படமோ இருக்கட்டும். தெரியாத ஒரு குடும்பத்தின் பக்தி அங்கே தொடரும்.

ஆகவே வாங்க நினைப்பவர்களிடம் என் வேண்டுகோள் இது. கூடத்தை நிரப்ப வாங்காதீர்கள். ஒன்றே ஒன்று வாங்குங்கள். அது எங்கிருந்து, எந்த வீட்டிலிருந்து, எப்படி வந்தது என்று கேளுங்கள். விடையும் உரிய சான்றும் இல்லாத பொருளைத் தொடாதீர்கள். கட்டிலையும் அலமாரியையும் அறுத்துச் சுவரில் மாட்ட விற்கும் துண்டுகளை வாங்கினால், நாளை இன்னொரு கட்டில் அறுக்கப்படும். பழையது என்ற பெயரில் புதிதாக வெட்டிய அரிய மரம் உங்கள் வீட்டுக்குள் வர வேண்டாம். வந்த பொருளில் உட்காருங்கள், சாப்பிடுங்கள், படியுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் அது நம்மோடு வாழாது. பிறகு ஒரு தாளில் அதைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் எழுதி, உங்களுக்குப் பிறகு அது யாரிடம் போக வேண்டும் என்ற பெயரையும் எழுதுங்கள். அந்தப் பெயர் உங்கள் பிள்ளையுடையதாக இருக்கலாம்; அதைக் காக்க உங்களைவிடத் தகுதியான ஓர் அந்நியருடையதாகவும் இருக்கலாம். வாங்கிய அன்றே அதை எழுதிவிடுங்கள்.